சீனத் தோட்டத்தில் புளிசாதம்

துபாயில் ஒரு தமிழன் இன்னொரு தமிழன் கண்ணில் படாமல் காலை எட்டு மணியிலிருந்து மாலை ஐந்து வரை உட்கார ஓர் இடம் சொல்லுங்கள் பார்ப்போம். நம் ஆட்கள் மொய்க்கும் கராமாவா? வாய்ப்பே இல்லை. டீக்கடை வாசலில் பத்து நிமிஷம் நின்றால் யாராவது தோளைத் தட்டி, இன்றைக்கு ஆபீஸ் இல்லையா என்று கேட்டுவிடுவார்கள். ஷாப்பிங் மாலா? நம் ஆட்கள் ஏசிக்காகவே நடக்கப் போகிற இடம் அதுதான். கடற்கரையில் டையும் ஷூவுமாக உட்கார்ந்திருந்தால் போலீஸே வந்து விசாரிக்கும். லைப்ரரியில் இரண்டு நாள் இருந்து பார்த்தேன். இரண்டாம் நாள் எதிர் நாற்காலியில் முன்பு என் மகளுக்குக் கணக்கு எடுத்த மிஸ் வந்து உட்கார்ந்தார். கைக்குக் கிடைத்த புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டேன். அது குழந்தை வளர்ப்புப் புத்தகம்.

அப்படித் தேடி அலைந்து கண்டுபிடித்ததுதான் இந்தச் சீனத் தோட்டம். சீனச் சாமான் விற்கும் கடைகளுக்குப் பின்னால் இருக்கிறது. மூன்று பக்கமும் நாற்பது மாடிக் கட்டடங்கள், நான்காவது பக்கம் ஹைவே. நடுவில் ஆள் உயரத்துக்கு இரண்டு மடங்காக வெள்ளைச் சுவர் எழுப்பி, மேலே சாம்பல் நிற ஓடு பதித்து, வட்டமாக ஒரு வாசல் வைத்திருக்கிறார்கள். உள்ளே குளம். குளத்து நடுவில் வளைந்த கூரை போட்ட ஒரு மண்டபம். மண்டபத்துக்குப் போக ஒரே ஒரு மரப்பாலம். அதுவும் நேராகப் போகாது. ஒன்பது இடத்தில் இப்படியும் அப்படியும் திரும்பிப் போகும். கெட்ட ஆவிகள் நேர்கோட்டில்தான் போகும், திரும்பத் தெரியாது, அதனால் இப்படி என்று பலகையில் எழுதியிருக்கிறது. நம் ஊர்ப் பேயாக இருந்தால் பஸ் பிடித்தாவது வந்து சேர்ந்திருக்கும்.

சுவரில் பூ வேலை செய்த ஜன்னல்கள் உண்டு. சின்ன இடத்தைப் பெரிதாகக் காட்டுவதற்காகவாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாலும் அந்தப் பக்கம் இன்னொரு சுவர்தான் தெரிந்தது. ஐந்து வாரம் தினமும் பார்த்தவன் சொல்கிறேன், அது பூ வேலை செய்த ஜெயில்.

என் பெயர் ரகுநாதன். கோயம்புத்தூர். வயது நாற்பத்தெட்டு. ஒரு கட்டடக் கம்பெனியில் டெண்டர் பிரிவில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தேன். நவம்பர் கடைசி வியாழக்கிழமை மதியம் எச்.ஆரில் கூப்பிட்டார்கள். முப்பது வயதுகூட இருக்காத ஒரு பெண், தண்ணீர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் பேச ஆரம்பித்தாள். பாட்டிலை நகர்த்தும்போதே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. எங்கள் பிரிவையே மூடுகிறார்கள். ஜனவரி பத்தாம் தேதி வரை சம்பளம் உண்டு, ஆபீசுக்கு மட்டும் வர வேண்டாம். லேப்டாப்பையும் கார்டையும் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம். பத்தாம் தேதி விசா ரத்து. அதிலிருந்து முப்பது நாள் அவகாசம்.

ஆக, பிப்ரவரி ஒன்பது. அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நான், என் விசாவில் இருக்கும் மனைவி சந்திரகலா, மகள் அனன்யா மூன்று பேரும் மூட்டை கட்ட வேண்டியதுதான். அனன்யாவுக்குப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு பிப்ரவரி பதினேழாம் தேதி ஆரம்பம். நடுவில் எட்டு நாள். அந்த எட்டு நாள்தான் ஐந்து வாரமாக என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது.

பெண்டாட்டியிடம் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கேட்பது சுலபம். சந்திரா கோவையில் பேங்க் கேஷியராக இருந்தவள். அவள் கவுண்டரில் வரிசை மளமளவென்று நகரும் என்று பெயர். வேலையை விட்டுவிட்டு வா, மற்றதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன் என்று அவளை இழுத்து வந்தது நான். அவள் அப்பா வேண்டாம் என்றார், மேனேஜர் வேண்டாம் என்றார், அவளுக்கே அரை மனசுதான். 'நான் பாத்துக்கறேன்' என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் பதினான்கு வருஷமாக வீட்டில் சத்தம் போட்டிருக்கிறேன். அதை எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு வாபஸ் வாங்குவது? வேறு வேலை கிடைத்தபின், கம்பெனி மாறிவிட்டேன் என்று ஒரே வரியில் முடித்துவிடலாம் என்று இருந்தேன். ஏழு இன்டர்வியூ போனேன். ஏழு இடத்திலும், பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம் என்றார்கள். நான் என்ன கல்யாணத்துக்குப் பெண் பார்க்கவா போனேன்?

எங்கள் வீடு ஷார்ஜாவில். காலை ஆறரைக்குக் கிளம்பினால்தான் டிராஃபிக்கில் மாட்டாமல் துபாய் போகலாம் என்பது ஷார்ஜாக்காரன் தலையெழுத்து. வேலை போனவனுக்கும் அதே ஆறரைதான். வேலைக்குப் போகிறவர்களோடு முட்டி மோதி, ஹாரன் அடித்து, குறுக்கே புகுந்தவனைத் திட்டிக்கொண்டு ஓட்டுவேன். இவ்வளவு அவசரமாக எங்கே போகிறோம் என்று நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கும்.

சந்திராவுக்கு ஒரு பழக்கம். தினமும் கதவருகே நின்று என் ஆபீஸ் பையையும் சாப்பாட்டுப் பையையும் தன் கையால் எடுத்துத் தருவாள். வேலை போன பிறகு முதல் நாள் அவள் பையைத் தூக்கியபோதுதான், லேப்டாப் இல்லாத பை எவ்வளவு லேசு என்று எனக்கு உறைத்தது. அன்றைக்கே வீடு திரும்பியதும் பரணில் கட்டி வைத்திருந்த அனன்யாவின் ஒன்பதாம் வகுப்பு சயின்ஸ் புத்தகத்தையும் ஒரு கணக்கு கைடையும் எடுத்துப் பைக்குள் திணித்தேன். எடை கச்சிதமாக இருந்தது. பதினான்கு வருஷம் மதிப்பீடு போட்டவன் இல்லையா?

பட்ட காலிலே படும் என்பதுபோல் சாப்பாடும் அதே வாரம் கெட்டது. ஆபீசுக்குப் போன காலத்தில் சாம்பார் சாதம், கீரை, ரசம், ஒரு பொரியல் என்று அடுக்கு டப்பாவில் வரும். மைக்ரோவேவில் சூடு செய்து ராஜா மாதிரி சாப்பிடுவேன். திடீரென்று ஒரு நாள் டப்பாவைத் திறந்தால் புளிசாதம். மறுநாள் எலுமிச்சை சாதம். அப்புறம் தக்காளித் தொக்கு தடவிய சப்பாத்தி. மறுபடி புளிசாதம். பழனிக்குப் பாதயாத்திரை போகிறவனுக்குக் கட்டுகிற சாப்பாடு. பொறுத்துப் பொறுத்துப் பார்த்து ஒரு நாள் கத்தியே விட்டேன். நான் ஆபீசுக்குப் போகிறேனா இல்லை பழனிக்கு நடக்கிறேனா, ஒரு சாம்பார் வைக்க உனக்கு முடியவில்லையா என்று. அனன்யாவுக்குப் பரீட்சை நேரம், காலையில் கை ஒழியவில்லை என்றாள். வழக்கமாக நான் ஒன்று சொன்னால் அவள் இரண்டு சொல்லுவாள். அன்று அதோடு விட்டுவிட்டாள். சண்டையில் ஜெயித்த திமிரில் நான் லிஃப்டுக்கு நடந்தேன்.

தோட்டத்தில் எனக்கென்று ஓர் இடம் இருந்தது. குளத்து நடு மண்டபத்தில், பின்பக்கத்து பெஞ்சு. வெளியே எங்கிருந்து பார்த்தாலும் தெரியாது. வார நாளில் அங்கே யாரும் வருவதில்லை. நேபாளி செக்யூரிட்டி ஒருவன் மட்டும் பதினோரு மணிக்குத் தன் ஃபிளாஸ்கிலிருந்து எனக்கும் ஒரு கப் டீ ஊற்றிக் கொண்டுவருவான். முதல் வாரத்தில் ஒரு நாள், "பாய், டியூட்டி மாஃபி?" என்று கேட்டான். வேலை இல்லையா என்று. அவனைச் சுட்டெரிப்பதுபோல் பார்த்தேன். அதன் பிறகு அவன் கேட்கவில்லை. டீ மட்டும் நிற்கவில்லை.

ஜனவரி ஆறாம் தேதி, செவ்வாய்க்கிழமை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த மறுநாள். காலையில் சந்திரா பையைக் கொடுக்கும்போது, பானுமதி எல்லாரையும் எங்கேயோ கூட்டிக்கொண்டு போகிறாளாம் என்று ஏதோ சொன்னாள். என் காதில் அது சரியாக விழவில்லை. இன்னும் முப்பத்துநாலு நாள் என்று உள்ளுக்குள் எண்ணிக்கொண்டிருந்தவன் காதில் எது விழும்?

மணி பதினொன்று இருக்கும். வட்ட வாசல் பக்கம் பெண்கள் சிரிக்கும் சத்தம் கேட்டது. தமிழ்ச் சிரிப்பு. அது எனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள், தெரிந்துவிடும். தூணுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டு பார்த்தேன். எங்கள் பில்டிங் மூன்றாவது மாடி பானுமதி முன்னால் வந்தாள், கையில் செல்ஃபி குச்சி. பக்கத்து ஃபிளாட் கீழக்கரை நஸீரா பின்னால் வந்தாள். மூன்றாவதாக, தீபாவளிக்கு எடுத்த மாம்பழ நிறச் சுடிதாரில், சந்திரா.

மண்டபத்தைச் சுற்றித் தண்ணீர். வெளியே போக அந்த ஒரே பாலம். அதில் அவர்கள் காலை வைத்துவிட்டார்கள். மண்டபத்து ஓரத்தில் ஓட்டை ஓட்டையாக ஒரு பாறை நிற்கும், சீனர்களுக்கு அது பெரிய அழகாம். அதன் பின்னால் போய் நின்றேன். டை கட்டிய ஒரு நாற்பத்தெட்டு வயது ஆம்பளை, சாப்பாட்டுப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓட்டைப் பாறைக்குப் பின்னால் ஒளிந்தால் எப்படி இருக்கும்? எல்லா ஓட்டையிலும் நான்தான் தெரிந்திருப்பேன்.

முதல் திருப்பத்தில் சந்திராவின் முகம் சுவர்ப் பக்கம் இருந்தது. இரண்டாவதில் என் பக்கம் திரும்பியது, ஆனால் அவள் மீனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்றாவதில் மறுபடி சுவர். நான்காவதில் நஸீரா நின்று ஒரு படம் எடுத்தாள். குளத்தில் இறங்கிவிடலாமா என்றுகூட ஒரு நொடி நினைத்தேன். முழங்கால் ஆழம்தான் இருக்கும். இறங்கி எங்கே போவது, சுவர் இருக்கிறதே! ஐந்தாவது திருப்பத்தில் அவள் தலையைத் தூக்கினாள். நேராக என்னைப் பார்த்தாள்.

அலறுவாள், அங்கேயே நின்றுவிடுவாள், போனை எடுத்து என்னைக் கூப்பிடுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அவள் நடையில் ஒரு மாற்றமும் இல்லை. மிச்சமிருந்த நான்கு திருப்பத்தையும் அதே வேகத்தில் திரும்பி வந்தாள். என்னைப் பார்த்துப் பதறியது பானுமதிதான், அண்ணா இங்கே என்ன செய்கிறார் என்று. நான் வாயைத் திறப்பதற்குள் சந்திரா பதில் சொல்லிவிட்டாள். எனக்கு இந்தப் பக்கம் ஒரு மீட்டிங்காம், சீக்கிரம் முடிந்தால் வந்து பாருங்கள் என்று அவள்தான் சொல்லியிருந்தாளாம். ஒரு தடுமாற்றம் இல்லை, சரளமாகப் பேசினாள். என் பெண்டாட்டி இவ்வளவு அழகாகப் பொய் சொல்வாள் என்று எனக்கு அதுவரை தெரியாது.

அந்த நேரம் பார்த்துத்தானா அவன் டீயோடு வர வேண்டும்? செக்யூரிட்டி பாலத்தில் கப்பைச் சிந்தாமல் பிடித்துக்கொண்டு வந்தான். பெண்களைப் பார்த்ததும் அவனுக்கு வாயெல்லாம் பல். "ஆஜ் ஃபேமிலி? அச்சா, அச்சா! சாப் ரோஜ் அகேலா பைட்தா ஹை" என்றான். சார் தினமும் இங்கே தனியாகத்தான் உட்கார்ந்திருப்பார், இன்றைக்குக் குடும்பத்தோடு வந்திருக்கிறாரே என்று அவனுக்கு அவ்வளவு சந்தோஷம்.

பானுமதி பம்பாயில் பத்து வருஷம் இருந்தவள். அவன் பேசிய இந்தி அவளுக்குப் புரிந்துவிட்டது முகத்திலேயே தெரிந்தது. நஸீரா டையைப் பார்த்தாள், சாப்பாட்டுப் பையைப் பார்த்தாள், பிறகு குனிந்து மீனைப் பார்த்தாள். வட்ட வாசலில் வெளிச்சம் நன்றாக இருக்கிறது, நீங்கள் போய்ப் படம் எடுத்துக்கொண்டிருங்கள், இதோ வருகிறேன் என்று சந்திராதான் சொன்னாள். அவர்கள் பாலத்தில் திரும்பித் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அந்தப் பாலம் இன்னும் நூறு திருப்பம் இருக்கக் கூடாதா என்று இருந்தது.

சந்திரா பெஞ்சில் உட்கார்ந்தாள். மேலே கூரையைப் பார்த்தாள். கையை நீட்டி வெயில் எதுவரை வருகிறது என்று பார்த்தாள்.

"நீங்க இருக்கற எடத்துல நெழல் இருக்குமோ இருக்காதோன்னு தெனமும் நெனப்பேன்" என்றாள். "பரவால்ல, இருக்குது."

அவள் சொன்னது என் மண்டையில் ஏறவே சிறிது நேரம் ஆயிற்று. ஏறியதும் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்ப இருந்து தெரியும்?"

"புளிசாதம் கட்ட ஆரம்பிச்ச நாள்ல இருந்து."

பை ஒரு நாள் லேசாக இருந்ததாம், மறுநாள் கனமாக இருந்ததாம். நான் குளிக்கப் போன நேரத்தில் திறந்து பார்த்திருக்கிறாள். சயின்ஸ் புத்தகத்தை எடுத்துக்கொண்டு எந்த ஆபீசுக்குப் போகிறார் என்று கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாளாம். பிறகு புத்தகத்தை வைத்த மாதிரியே வைத்துவிட்டு, அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சாம்பாரை இறக்கி மூடிவிட்டுப் புளியைக் கரைத்திருக்கிறாள். வெளியில் எங்கேயோ உட்காரப் போகிறவனுக்குச் சூடு செய்ய இடம் இருக்காது, சாம்பார் சாதம் ஆறிப்போனால் எனக்குத் தொண்டையில் இறங்காது. அவ்வளவுதான் அவள் கணக்கு. அந்தச் சாப்பாட்டைத்தான் நான் பழனி யாத்திரை என்று கத்தியிருக்கிறேன்.

எனக்கு வர வேண்டியது அழுகை. வந்தது கோபம். என் புத்தி அப்படி.

"தெரிஞ்சும் ஏன் கேக்கல? அஞ்சு வாரமா வேடிக்கை பாத்தியா?"

அவள் சுடிதார் நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். "கேட்டா பொய் சொல்லுவீங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா அப்புறம் நான் நம்பற மாதிரி நடிக்கோணும். அது என்னால முடியாதுங்க. அதான் கேக்கல."

பாலத்துக்கு அப்பால் பானுமதி நஸீராவை வட்ட வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் எங்கள் பக்கம் பார்க்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார்கள்.

எத்தனை நாள் இருக்கிறது என்று சந்திரா கேட்டாள். பிப்ரவரி ஒன்பது என்றேன். கேஷியர் அல்லவா, விரல்கூட மடக்கவில்லை.

"பரீட்சைக்கு நடுவுல எட்டு நாளு" என்றாள்.

பிறகுதான் அந்த விஷயத்தைச் சொன்னாள். டிசம்பர் முதல் வாரத்தில் பள்ளியிலிருந்து ஒரு சர்குலர் வந்திருந்ததாம். ஊருக்குத் திரும்புகிற குடும்பங்கள் பிள்ளையின் பரீட்சை சென்டரை மாற்ற வேண்டுமானால் டிசம்பர் முப்பத்தொன்றுக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்று. அதை மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்திருந்திருக்கிறாள். என்றைக்குக் கிளம்ப வேண்டியிருக்கும், கிளம்ப வேண்டியிருக்குமா இல்லையா, எதுவும் தெரியாமல் என்னவென்று எழுதிக் கொடுப்பது? அந்தக் கடைசி வாரம் பள்ளி ஆபீஸ் வாசல்வரை இரண்டு தடவை போய்த் திரும்பி வந்திருக்கிறாள்.

"அந்த வாரம் பூரா பையைக் குடுக்கறப்ப உங்க மூஞ்சியவே பாத்துட்டு நின்னேன்" என்றாள். "இன்னிக்குச் சொல்லுவீங்க, இன்னிக்குச் சொல்லுவீங்கன்னு. நீங்க லிஃப்டத்தான் பாத்தீங்க."

அது உண்மை. அந்த வாரம் அவள் முகத்தை நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. இந்தத் தோட்டத்துக்குள் நான் மட்டும்தான் அடைந்து கிடக்கிறேன் என்று நினைத்திருந்தேன். அவள் ஷார்ஜாவில், ஏழாவது மாடியில், புளியைக் கரைத்துக்கொண்டு அதே அளவு அடைந்து கிடந்திருக்கிறாள். இருந்த ஒரே கதவும் போன வாரம் மூடிவிட்டது. மூடியது என் வாய்தான். அப்போது அழுதேன். கர்ச்சீப்பை எடுக்கப் பைக்குள் கையை விட்டால் சயின்ஸ் புத்தகம்தான் வந்தது. சந்திரா தன் துப்பட்டாவைக் கொடுத்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து டப்பாவை வெளியே எடுத்துத் திறந்தாள். புளிசாதம், ஓரத்தில் இரண்டு அப்பளம். அப்பளம் நமுத்திருந்தது. ஒரு வாய் எடுத்துத் தான் சாப்பிட்டுப் பார்த்து, உப்பு கொஞ்சம் கம்மி என்றாள். பிறகு டப்பாவை என் மடியில் வைத்தாள். இரண்டு பேரும் அதைச் சாப்பிட்டு முடித்தோம். டீ ஆறிப்போய் அங்கேயே இருந்தது.

டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்.

"நாளைக்கு என்ன கட்டட்டும்?"

அவள் குரலில் கோபமும் இல்லை, குத்தலும் இல்லை. நான் என்ன சொன்னாலும் அதைக் கட்டித் தருவாள் என்று எனக்குத் தெரிந்தது. புளிசாதம் என்று நான் சொன்னால் நாளை ஆறரைக்குக் கதவருகே நின்று பையை எடுத்துத் தருவாள், பிப்ரவரி ஒன்பது வரைக்கும் தருவாள்.

"ஒண்ணும் கட்ட வேண்டாம்" என்றேன். "வீட்லயே இருக்கேன்."

அவள் எழுந்தாள். பழக்கத்தில் என் ஆபீஸ் பையைத் தூக்கி என்னிடம் நீட்டினாள். இந்த முறை நான் லிஃப்டைப் பார்க்க முடியாது. அவள் முகத்தைத்தான் பார்த்தேன். அது ஐந்து வாரத்தில் ரொம்ப இளைத்திருந்தது.

"அப்ப சாம்பார் வெக்கறேன்" என்றாள். "சாயங்காலம் அனன்யா வருவா. அவகிட்ட மட்டும் நீங்களே சொல்லோணும்."